சட்டத்திலிருந்து மனுவுக்கா, மனுவிலிருந்து சட்டத்துக்கா? முதியோர் நலக் கொள்கையைக் கல்லூரியில் கற்பிக்கும் வழிகள் பற்றி ஓர் ஒப்பீடு

இளங்கலை வகுப்பில் ஒரு பருவத்துக்கு ஒரு விருப்பத் தாள். வாரத்துக்கு 3 மணி நேரம் வீதம் மொத்தம் 45 மணி நேரம். வகுப்பில் 60 மாணவர்கள். பொறுப்புக்கு ஓர் ஆசிரியர். இந்த அளவுக்குள், அரசின் கொள்கை முதியோரின் அன்றாட வாழ்வை எவ்வாறு பாதிக்கிறது என்பதைக் குமரி மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்பிக்க எந்த வழி ஏற்றது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. பாடத்திட்டக் குழுவில் பேச்சு எழும்போதெல்லாம் நான்கு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. சட்டங்களையும் திட்டங்களையும் விரிவுரையாக நடத்துவது ஒன்று. முதியோர் இல்லங்களுக்கு மாணவரை அழைத்துச் செல்வது இன்னொன்று. வகுப்பறைக்குள்ளேயே பாவனைத் தீர்ப்பாயம், அதாவது வழக்கு விசாரணையை நடித்துப் பார்ப்பது, மூன்றாவது. இரண்டு மாணவருக்கு ஒரு முதியவர் என்று பொறுப்பளித்து, அவருடைய மனு ஒன்றைப் பருவம் முழுவதும் பின்தொடரச் செய்வது நான்காவது. நான்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் நடத்திப் பார்த்தவன் என்ற முறையில், எது எங்கே பயன்படுகிறது, எது எங்கே பிசகுகிறது என்பதை எழுதுகிறேன்.

இந்தத் தாள் மற்ற பல மாவட்டங்களைவிட இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயது நிறைந்தோர் நாட்டில் 8.6 விழுக்காடு; தமிழகத்தில் 10.4, கேரளத்தில் 12.6. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த நம் மாவட்டம், 91.75 விழுக்காடு எழுத்தறிவிலும், சிறு குடும்ப வழக்கத்திலும், பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் பிற ஊர்களுக்கும் வேலைக்குப் போவதிலும் இன்றளவும் கேரளத்தின் சாயலைக் கொண்டிருக்கிறது. கருங்கல், புதுக்கடை பக்கம் நடந்து போனால், மாடி கட்டி வெளிச்சுவருக்குக் கல் பதித்த வீட்டில் ஒரே ஒரு அம்மச்சி வாசல்படியில் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். உதவித்தொகை விதியின் கண்ணில் அவர் ஆதரவற்றவர் அல்லர். ஆனால் இரவில் நெஞ்சு வலித்தால் கதவைத் திறந்துவிட ஆளில்லை. அதே ஊரின் அடுத்த தெருவில், தலைமுறைகளாக அண்டி ஆபீசில் முந்திரிக் கொட்டை உடைத்த குடும்பங்கள். முதுமை எல்லோருக்கும் ஒன்றுபோல வருவதில்லை என்பதை விளக்க நம் மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

விரிவுரை வழியை முதலில் பார்ப்போம். இதை மட்டமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அது சரியன்று. அரசியலமைப்பின் 41 ஆவது உறுப்பு முதுமையில் அரசின் உதவியைப் பற்றிப் பேசுகிறது என்பதும், அது நெறிமுறைக் கோட்பாடாக இருப்பதால் நேரடியாக வழக்குத் தொடுத்துப் பெறத்தக்க உரிமை அன்று என்பதும், களத்தில் எத்தனை நாள் அலைந்தாலும் தானாகத் தெரிய வராது. 1995 இல் தேசிய அளவில் முதியோர் ஓய்வூதியம் வந்தது. 2011 இல் அதன் தகுதி வயது 65 இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. 60 முதல் 79 வயது வரையுள்ளோருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 வயதிலிருந்து 500 ரூபாய். எஞ்சியதை மாநிலம் போடுகிறது. இவற்றை ஒருவர் வரிசைப்படுத்திச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விரிவுரையின் சிறந்த பகுதி கணக்கு. தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2011 இல் 1,000 ரூபாயாகவும் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. தமிழகத்தில் 1,200 ஆனபோது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலையில், அது 1,600 ஆக இருந்தது. அக்காள் எல்லைக்கு அங்கும் தங்கை இங்குமாக வாழ்க்கைப்பட்ட குடும்பங்கள் நிறைந்த விளவங்கோடு வட்டத்தில், அன்றைய 400 ரூபாய் வித்தியாசம் எந்தப் புள்ளிவிவர அட்டவணையைவிடவும் வேகமாகக் கேள்வியை எழுப்பியது. உடனே மாணவர்கள், “நம் அரசும் கூட்டித் தந்தால் என்ன?” என்று கேட்பார்கள். அப்போது கரும்பலகையில் கணக்கைப் போடச் சொல்ல வேண்டும்: ஒரு லட்சம் பேருக்கு மாதம் 400 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 48 கோடி, பயனாளிகள் பத்து லட்சமானால் 480 கோடி. அந்தப் பணத்தை எந்தத் தலைப்பிலிருந்து எடுப்பது, தொகையைக் கூட்டுவதா அல்லது பட்டியலில் இடம்பெறாதவர்களைச் சேர்ப்பதா என்று விவாதம் திரும்பும்போதுதான், கொள்கை என்பது நல்லெண்ணம் சார்ந்ததாக மட்டும் இல்லாமல் தேர்வு சார்ந்ததாகவும் இருப்பது அவர்களுக்குப் பிடிபடுகிறது.

ஆனால் விரிவுரையோடு நின்றுவிட்டால் நேர்வது என்ன என்பதையும் கண்டிருக்கிறேன். தேர்வில் சட்டத்தின் பிரிவுகளை எண்ணோடு எழுதி நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி, தன் சொந்தப் பாட்டாவின் விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் என்னிடம் வந்தாள். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகிறது என்ற பாதை அவளுடைய பாடக் குறிப்பில் எங்கும் இல்லை. அந்தக் குறிப்பைச் சொல்லிக் கொடுத்தவன் நான். கொள்கையின் தலையை மட்டும் காட்டிவிட்டு அதன் கைகால்களை விட்டுவிட்டேன் என்பது அன்றுதான் உறைத்தது.

இரண்டாவது வழி முதியோர் இல்லத்துக்குப் போய் வருவது. கல்லூரி நிர்வாகங்கள் விரும்புவது இதைத்தான், ஏனென்றால் ஒரே நாளில் முடிந்துவிடும்; நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஆண்டுக்கு 120 மணிக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளலாம். நான் இதை இந்தத் தாளுக்குரிய வழியாக ஏற்கவில்லை. ஒருமுறை நாற்பது மாணவர்களோடு ஓர் இல்லத்துக்குப் போனோம். ரொட்டிப் பொட்டலமும் பழமும் கொடுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். புறப்படும் நேரத்தில் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்ட ஒரு பெரியவர் என் பக்கத்தில் நின்ற பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “பிள்ளே, எனக்க வீட்ட மவனுக்கு எழுதிக் குடுத்தாச்சு. அதத் திருப்பி வாங்க வழி உண்டுமா?” பையன் என்னைப் பார்த்தான். 2007 ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் எழுதிக் கொடுத்தது சட்டம் வருவதற்கு முன்பா பின்பா, பத்திரத்தில் என்ன வாசகம் இருக்கிறது, எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று நிதானமாகக் கேட்டு விடை சொல்லும் ஆயத்தம் எனக்கு அன்று இல்லை. பேருந்து காத்துக்கொண்டிருந்தது. விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அந்தப் பயணத்தில் மாணவர்கள் கற்றுக்கொண்டது இரக்கம். இரக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இல்லத்தில் இருப்போரை மட்டும் பார்த்துவிட்டு வரும் மாணவர், முதியோர் பிரச்சினை என்றாலே பிள்ளைகள் கைவிடுவது என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார். பெரும்பாலான முதியோர் தம் வீட்டிலோ பிள்ளைகள் வீட்டிலோதான் வாழ்கிறார்கள் என்பதும், அவர்களைத் தொடும் கொள்கைகளில் பல “முதியோர்” என்ற பெயரே தாங்காதவை என்பதும் அவர் பார்வைக்கு வருவதில்லை. 2020 மார்ச்சில் ரயில் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டபோது, அதுவரை 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும் 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் குறைந்திருந்த கட்டணம் முழுதாயிற்று. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு மருத்துவத்துக்குப் போய் வருவோருக்கு அது என்ன செய்தது? காணாமல் போனவரைப் பற்றி 7 ஆண்டுகள் தகவல் இல்லையென்றால்தான் இறந்தவராகக் கருதலாம் என்ற சாட்சியச் சட்ட விதியை, 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் மகன் திரும்பி வராத தூத்தூர்ப் பகுதித் தாயின் இடத்தில் நின்று படித்தால் அது எப்படி ஒலிக்கும்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஒரு நாள் பயணத்தில் இடமே இல்லை.

மூன்றாவதான பாவனைத் தீர்ப்பாயத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, இதற்கென்றே எழுதப்பட்டதுபோல அமைந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் நாகர்கோவில் கோட்டாட்சியரும் பத்மநாபபுரம் சார் ஆட்சியரும் தீர்ப்பாயமாக அமர்கிறார்கள். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். மனுவை முதியவரே கொடுக்கலாம், அவர் அதிகாரம் அளித்த வேறொருவர் கொடுக்கலாம், தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போன நாளிலிருந்து 90 நாளில் பராமரிப்பு மனு முடிய வேண்டும்; தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாள் கூடுதல் கிடைக்கும். பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்ற உச்சவரம்பைச் சட்டம் வைத்திருக்கிறது. பிள்ளை இல்லாதவருக்கு, அவர் சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாகப் பெறவிருக்கிற உறவினர் பொறுப்பு. இவற்றை வைத்து ஒரு வழக்கை எழுதி, ஒருவரைத் தாயாகவும், ஒருவரை மஸ்கட்டிலிருக்கும் மகனாகவும், ஒருத்தியை ஊரிலிருக்கும் மருமகளாகவும், ஒருவரைக் கோட்டாட்சியராகவும் நிறுத்தினால், மூன்று மணி நேரத்தில் வகுப்பு சட்டத்துக்குள் இறங்கிவிடுகிறது.

குறிப்பாக 23 ஆவது பிரிவு. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றத்தையே செல்லாததாக்க இப்பிரிவு இடம் தருகிறது. “நிபந்தனையோடு” என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும். பெற்ற பிள்ளைக்குச் செட்டில்மெண்ட் எழுதும் தாய், “என்னைப் பார்த்துக்கொண்டால்தான்” என்று பத்திரத்தில் எழுதச் சொல்வாளா? பத்திரம் எழுதுபவர் சொன்னாலும் கூச்சப்பட்டு வேண்டாம் என்பாள். உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில், பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தாலே நிபந்தனை உண்டென்று கருதிவிட முடியாது, அது நிறுவப்பட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், தானப் பத்திரத்தோடு மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் கணக்கில் கொண்டு, இது முதியோர் நலனுக்காக வந்த சட்டம், அதைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, சொத்தைத் தாய்க்கே திருப்பியது. இரண்டு தீர்ப்பையும் இரண்டு அணிக்குக் கொடுத்து வாதாடச் சொன்னபோது வகுப்பில் எழுந்த சூடு, வேறெந்தப் பாடத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. இல்லத்தில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு முழு விடையை நானே அந்த வகுப்புக்கு ஆயத்தம் செய்தபோதுதான் எழுதி முடித்தேன்.

பாவனைத் தீர்ப்பாயத்தின் குறை, அது தீர்ப்போடு முடிந்துவிடுவது. மகன் பணம் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வாசிக்கப்பட்டதும் மாணவர்கள் கைதட்டுகிறார்கள். அந்த உத்தரவுக்குப் பின் தாய் அதே வீட்டில் அதே மருமகளோடு எப்படி உண்டு உறங்குவாள் என்பதும், உத்தரவை மகன் மதிக்காவிட்டால் மீண்டும் மனுக் கொடுக்க எழுபத்தெட்டு வயதில் தக்கலைக்குப் பேருந்து ஏறிப் போக முடியுமா என்பதும் நாடகத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தாயாக நடிப்பவர் இருபது வயதுப் பெண். அவளுக்குக் காது கேட்கிறது, அவள் கையெழுத்து நடுங்குவதில்லை.

நான்காவது வழிக்கு வருகிறேன். 60 மாணவர்கள், 30 இணைகள். ஒவ்வோர் இணைக்கும் தம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு முதியவர். அவருடைய ஏதாவது ஒரு கோரிக்கை: புதிதாக உதவித்தொகை, நின்றுபோன உதவித்தொகை, குடும்ப அட்டைத் திருத்தம், வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டு அட்டை என எதுவானாலும் சரி. மாணவர் அவருக்காக மனுக் கொடுக்கும் ஏஜெண்டாகப் போகக் கூடாது. அவரோடு போக வேண்டும். எந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு வண்டிக்கூலி, வரிசையில் எத்தனை மணி, என்ன தாள் கேட்டார்கள், என்ன சொல்லித் திருப்பினார்கள் என்பதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு தடங்கலுக்கும் பின்னாலிருக்கும் விதியைத் தேடிக் கண்டுபிடித்து அடுத்த வகுப்பில் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம். முந்திரி ஆலையில் நெடுங்காலம் கொட்டை உடைத்த ஒரு பெண்மணியோடு இரண்டு மாணவிகள் நியாயவிலைக் கடைக்குப் போனார்கள். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை எரித்துவிடும். அதற்காகக் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்பார்கள். ஆண்டுகள் பல போனபின் விரல் நுனி கறுத்து, உரிந்து, வழவழப்பாகிவிடும். கருவியில் வலது கட்டைவிரலை வைத்தார்; பதியவில்லை. துணியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். “பத்து வெரலயும் வச்சுப் பாத்தாச்சு மக்களே, ஒண்ணும் விழல” என்று மாணவிகளைப் பார்த்துச் சிரித்தாராம். அவர்களில் ஒருத்தி அந்த வார நோட்டில் எழுதியிருந்த வாக்கியம் இது: “உழைத்ததற்குச் சான்றாக இருக்கிற கையே, ஆள் அவர்தான் என்பதற்குச் சான்றாகவில்லை.” அந்த ஒரு விரலிலிருந்து அந்த வகுப்பு எங்கெல்லாம் போயிற்று என்று எண்ணிப் பார்க்கிறேன்: கைரேகை கட்டாயமானது எதனால், கருவிழிப் பதிவு எங்கே இருக்கிறது, கடைக்கு வர இயலாதவர் சார்பில் வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் உண்டு என்பதை ஏன் யாரும் அவருக்குச் சொல்லவில்லை, 2025 ஆகஸ்டில் தொடங்கிய வீட்டுக்கே பொருள் கொண்டு தரும் தாயுமானவர் திட்டத்துக்கு வயது வரம்பு எப்படி வகுக்கப்பட்டது, 1995 ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்ற விதி, இடையிடையே வேலை நின்றுபோகும் தொழிலில் இருந்த பெண்களை என்ன செய்கிறது, 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம் இன்றைக்கு எத்தனை நாள் சோற்றுக்கு வரும். விரிவுரையில் ஐந்து தலைப்புகளாகச் சிதறிக் கிடந்தவை ஒரு கையில் வந்து சேர்ந்தன.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இந்த வழிக்குப் பொருந்தி வருகிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு, 30 நாளில் பதில்; ஒரு பருவத்துக்குள் கேட்டுப் பெற்றுவிடலாம். தம் கிராமத்தில் ஓராண்டில் எத்தனை உதவித்தொகை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை தள்ளுபடியாயின, என்ன காரணத்தால் என்ற மூன்று கேள்விகளை ஓர் இணை கேட்டால், தனி ஒருவரின் கதை ஊரின் கணக்காகிறது. ஒருவருடைய துன்பத்தை மட்டும் தெரிந்துகொண்டு வருவதைக் கொள்கைக் கல்வி என்று சொல்ல முடியாது. அவரைப் போல் எத்தனை பேர் என்று கேட்கும்போதுதான் அது கொள்கைக் கல்வியாகிறது.

இந்த வழியின் அபாயங்கள் மற்ற மூன்றையும்விடப் பெரியவை. முதல் ஆண்டில் ஒரு மாணவன், மனத்திலிருந்த அன்பினாலேயே, “கிறிஸ்மசுக்குள்ள பணம் வந்திரும் பாட்டா” என்று சொல்லிவிட்டான். அவர் அதை நம்பிப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினார். விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அந்தக் கடன் அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பது, பருவத் தேர்வெல்லாம் முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்தத் தவறு அவனுடையது அன்று; எதைச் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லித் தராத என்னுடையது. அதன்பின் சில கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டேன். “வாங்கித் தருகிறோம்” என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நோட்டில் எழுதக் கூடாது. ஏடிஎம் அட்டையைத் தொடக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. முதியவர் எந்த நாளில் வேண்டாம் என்றாலும் அந்த நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மதிப்பெண் குறையாது. வீட்டில் அடிப்பதாகவோ பட்டினி போடுவதாகவோ தெரிந்தால் மாணவர் தாமாக எதுவும் பேசாமல் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அங்கிருந்து சமூக நலத்துறைக்கோ 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கோ போக வேண்டும். மாணவிகள் மாலை ஐந்து மணிக்குள் வீடு திரும்பும்படி பயணம் அமைய வேண்டும் என்பதும் பெற்றோர் கேட்டு நான் ஒப்புக்கொண்ட ஒன்று.

முதியோரையே வகுப்புக்கு அழைத்து வந்து பேச வைக்கலாம் என்ற ஐந்தாவது யோசனையும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் வரக்கூடியவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களுமாகவே இருப்பார்கள். மாடிப்படி ஏறி வந்து மேடையில் பேசக்கூடியவரின் அனுபவத்தைப் பொது அனுபவமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், ஒரு மணி நேரத்துக்கு மேல் இதற்கு ஒதுக்கத் தேவையில்லை.

இனி முடிவு. நான்கில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கச் சொன்னால் மனுவைப் பின்தொடர்வதையே தேர்வேன். ஆனால் அதைத் தனியே விடமாட்டேன். 45 மணி நேரத்தில் முதல் 10 மணி நேரம் விரிவுரையும் கணக்கும். 20 மணி நேரம் களத்துக்கும் நோட்டுக்கும். வாரந்தோறும் ஒரு மணி நேரமாக 9 மணி நேரம், களத்தில் கண்டதை விதியோடு பொருத்திப் பேசுவதற்கு. 6 மணி நேரம் பாவனைத் தீர்ப்பாயத்துக்கு. தீர்ப்பாயம் கடைசியில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பெரியவரோடு மூன்று முறை வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் வந்த மாணவி தாயாக நிற்கும்போது அவள் வாயிலிருந்து வரும் சொற்கள் வேறாக இருக்கின்றன. கோட்டாட்சியராக அமர்பவனும் அப்படி எளிதில் தீர்ப்பு எழுதிவிடுவதில்லை. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, மனு வென்றதா தோற்றதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. தள்ளுபடியான காரணத்தைச் சரியாகக் கண்டறிந்து, அது விதியின் குறையா, விதியை நடத்துவதிலுள்ள குறையா, தகவல் போய்ச் சேராத குறையா என்று பிரித்து எழுதியவருக்கே கூடுதல் மதிப்பெண்.

எல்லாக் கல்லூரிக்கும் இது பொருந்தாது. மாலைநேரக் கல்லூரியில் பகலில் வேலைக்குப் போகும் மாணவர்களை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப முடியாது. அங்கே விரிவுரையோடு தீர்ப்பாயத்தைச் சேர்ப்பதே நேர்மையான வழி. ஆசிரியர் ஒருவருக்கு 60 நோட்டுகளை வாரந்தோறும் படிக்க நேரமில்லையென்றாலும் களப்பணியைத் தொடங்கக் கூடாது. படிக்கப்படாத நோட்டில் எழுதப்பட்ட துன்பத்தைவிட, எழுதப்படாமலே இருப்பது மேல்.

எந்தப் பருவத்தில் நடத்துவது என்பதில் எனக்குத் தயக்கமில்லை: ஜூனில் தொடங்கும் ஒற்றைப்படைப் பருவம். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதால் அந்தப் பக்கத்து விசைப்படகுக் குடும்பங்களின் ஆண்கள் பலர் கரையில் இருப்பார்கள். அறிமுகச் சந்திப்புக்கு வீட்டார் எல்லோரும் கிடைப்பார்கள். தென்மேற்குப் பருவமழை தணிந்து வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், களப்பணியை முடித்துவிடலாம். கிராம சபை ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என மூன்று முறை இந்தப் பருவத்துக்குள் கூடுகிறது. ஆகஸ்டு 15 அன்று மாணவர்கள் பேசாமல் உட்கார்ந்து கவனிக்கட்டும். அக்டோபர் 2 அன்று, தாம் திரட்டிய கணக்கை வைத்து, உதவித்தொகை தள்ளுபடியான முதியோரின் பட்டியலைக் காரணத்தோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்பதுபோல ஒரு தீர்மானத்தை, அந்த ஊர் முதியவர் ஒருவரே முன்மொழிய, அவர் பக்கத்தில் நிற்கட்டும். பட்டியலில் எவருடைய பெயர் வரலாம் என்பதை மட்டும் அந்தந்த முதியவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நவம்பரில் பருவம் முடியும்போது 30 மனுக்களில் ஒரு பகுதி முடிந்திருக்கும். ஒரு பகுதி நிலுவையில் இருக்கும். நிலுவையில் உள்ள நோட்டுகளை அடுத்த வகுப்பின் இணைகளிடம், முதியவரின் வீட்டுத் திண்ணையில் அவர் முன்னிலையில், அவர் சம்மதித்தால் மட்டும் ஒப்படைக்கிறோம். பழைய மாணவர் புதியவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். கடைசியாக எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்பதை நோட்டிலிருந்து உரக்க வாசித்துக்காட்ட வேண்டும். தவறிருந்தால் அவரே திருத்தட்டும்.